நாடளந்த காலின் மெக்கன்சி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்து அமைந்த ஊர்களுள் ஒன்று குந்தாரப்பள்ளி. வாரந்தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் அவ்வூர் பெயர் பெற்றது. சந்தை நாளில் அங்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும். சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஏரிகளும் வயல்களும் மாந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. சாலையின் இருமருங்கும் புதிய தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் எழுகின்றன. சாலை அகலுந்தோறும் பழைய தடங்கள் மறைகின்றன.

இப்பகுதியின் பழைய நிலப்படம் ஒன்றை விரித்துப் பார்ப்பவர்க்கு வியப்பு மிகும். இன்று பெரிய நீர்த்தேக்கம் விளங்கும் இடத்தில் தென்பெண்ணையாறு மெல்லிய கோடாக வளைந்து செல்லும். ஏனெனில் கிருஷ்ணகிரி அணை 1950களில் கட்டப்பெற்றதே ஆகும். நெடுஞ்சாலை இல்லாத இடங்களில் வண்டித் தடங்கள் ஊரோடு ஊரை இணைக்கும். குன்றின் உச்சியில் கோட்டை என்னும் குறிப்பும், வெட்டவெளியில் கோயில் என்னும் குறியும் காணப்படும். இடம் யாது என்பதைப் படம் உரைக்கும். அவ்விடத்தில் நிகழ்ந்தது யாது என்பதை உரைக்காது. அதனை அறிய வேண்டுமாயின் ஊருக்குள் நடந்து செல்லுதல் வேண்டும். கல்லைப் படித்தல் வேண்டும். முதியோரை வினவுதல் வேண்டும். நிலத்தை அளப்பதும் ஊரின் கதையைக் கேட்பதும் ஒரே பணியின் இரு கூறுகள் எனக் கொண்டு, தென்னாட்டில் அதனைப் பேரளவில் நடத்திக் காட்டியவர் காலின் மெக்கன்சி ஆவார்.

மெக்கன்சி 1754 ஆம் ஆண்டு, ஸ்காத்லாந்து நாட்டின் மேற்குக் கடலில் உள்ள லூயிஸ் என்னும் தீவில், ஸ்டோர்னவே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் அஞ்சல் அதிகாரியாக விளங்கினார். மெக்கன்சி இளமையில் சுங்க அலுவலகத்தில் பணியாற்றினார். அவருடைய உள்ளமோ கணிதத்தில் ஊன்றி நின்றது. மடக்கை என்னும் கணித முறையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய நேப்பியர் பிரபு, இந்தியர்தம் பழைய கணித அறிவைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதில் அவருடைய உதவியை நாடினார். கடலுக்கு அப்பால் உள்ள நாட்டின் அறிவுச் செல்வத்தின்மீது மெக்கன்சிக்கு வேட்கை பிறந்தது அவ்வாறே.

1783 ஆம் ஆண்டில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை வந்தடைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை ஏறத்தாழ முப்பது. நேப்பியர் பிரபுவின் மகள் தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் மதுரையில் வாழ்ந்து வந்தார். மெக்கன்சி அங்குச் சென்று தங்கி, மதுரையின் கற்றறிந்த பெருமக்களோடு உரையாடும் பேறு பெற்றார். இந்நாட்டின் தொன்மையை அறிய வேண்டுமாயின் இந்நாட்டாரிடமே கேட்டறிதல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது மதுரையிலேயே ஆகும்.

எனினும் அவ்வெண்ணம் உடனே கைகூடவில்லை. படைப்பணியே பல ஆண்டுகளை விழுங்கிற்று. கோவை, திண்டுக்கல், நெல்லூர், குண்டூர்ப் பகுதிகளில் அவர் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணிபுரிந்தார். 1790 முதல் 1792 வரை நடைபெற்ற மூன்றாம் மைசூர்ப் போரிலும் பங்குகொண்டார். போர் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் நாடு கம்பெனியின் வசமாயிற்று. அதற்கு மேற்கே ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே நீடித்தது. ஆக, இன்று ஒரே மாவட்டத்தில் அடங்கிய கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, 1792 முதல் 1799 வரை இரண்டு அரசுகளின் எல்லை ஓடிற்று.

புதிதாகக் கைவந்த பாராமகாலை ஆளக் கம்பெனி அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரை அமர்த்தியது. அவர்கீழ் ஜான் மாதர் என்பவர் அந்நாட்டை அளந்து படம் வரைந்தார். குன்றும் கோட்டையும் ஆறும் ஏரியும் செறிந்த இப்பகுதி முறையாக அளக்கப்பெற்ற முதற்காலம் அதுவே எனலாம். மாதர் பின்னர் மெக்கன்சியின் உதவியாளருள் ஒருவரானார்.

1799 ஆம் ஆண்டு கம்பெனிப் படை வேலூரிலிருந்து புறப்பட்டுப் பாராமகால் வழியாக இராயக்கோட்டையைக் கடந்து மைசூர் நாட்டினுள் புகுந்தது. சீரங்கப்பட்டண முற்றுகையில் மெக்கன்சி பொறியாளராகப் பணிபுரிந்தார். திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். வென்றவர்கள் நாட்டைப் பங்கிட முற்பட்டபொழுது ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. எந்த ஊர் எந்த எல்லைக்குள் அமைந்தது என்பதை உறுதியாகக் காட்டும் படம் எவரிடமும் இல்லை. ஆதலின் மைசூர் நாடு முழுவதையும் அளக்கும் பெரும்பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் தென்னாட்டில் இருவகை அளவைப் பணிகள் ஏறத்தாழ ஒருங்கே தொடங்கின. ஒன்று, வில்லியம் லாம்டன் நடத்தியது. அவர் 1802 ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களை நாடெங்கும் விரித்துச் சென்றார். நில உலகின் வடிவத்தையே கணித்தறிவது அவர்தம் நோக்கம். மற்றொன்று மெக்கன்சி நடத்தியது. அவரும் முக்கோண முறையையே கையாண்டார். ஆயினும் அவர் பார்வை ஊர்களின்மீது படிந்தது. லாம்டன் மலையுச்சியில் கொடி நாட்டிக் கோணம் அளந்தார். மெக்கன்சியோ அம்மலையின் அடியில் வாழ்ந்த மக்களையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அளக்கும் முறை எளிதன்று. குன்றின் உச்சியில் தியோடலைட் என்னும் கோணமானியை நிறுத்தி, தொலைவில் உள்ள குன்றுகளையும் கோபுரங்களையும் நோக்கிக் கோணங்களைக் குறிப்பர். அளந்தறிந்த ஒரு பக்கமும் இரு கோணங்களும் கிடைத்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம். இவ்வாறு நாடு முழுவதும் முக்கோண வலை ஒன்று பின்னப்படும். பின்னர் அவ்வலையின் உட்புறத்தைச் சங்கிலியாலும் அளவுச் சக்கரத்தாலும் அளந்து, ஊர், ஏரி, ஓடை, வழி, காடு ஆகியவற்றை நிரப்புவர். சென்னையில் 1794 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர் சிலர் இப்பணியில் மெக்கன்சிக்குத் துணை நின்றனர்.

படத்தில் குறிக்கப்பெற்ற ஒவ்வோர் ஊரைப் பற்றியும் மெக்கன்சி பல வினாக்களை எழுப்பினார். ஊரின் பெயர் யாது? அதனை நிறுவியவர் யாவர்? ஏரியை வெட்டுவித்தவர் யாவர்? கோயிலில் கல்வெட்டு உண்டா? மக்கள் வாழும் ஊரா, பாழ்பட்ட ஊரா? பாழ்பட்டதாயின் அதற்குக் காரணம் போரா, பஞ்சமா? ஊர்க் கணக்கர்கள் வைத்திருந்த ஏடுகளும் கோயில்களில் இருந்த ஓலைச்சுவடிகளும் முதியோர் நினைவில் இருந்த கதைகளும் இவ்வினாக்களுக்கு விடை அளித்தன. இவ்வாறு எழுதி வாங்கப்பட்ட ஊர் வரலாறுகள் கைபீதுகள் எனப் பெயர் பெற்றன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். மெக்கன்சி இந்நாட்டு மொழிகளில் புலமை உடையவர் அல்லர். அவரே அக்குறையை ஒப்புக்கொண்டவர். அவருக்குக் கண்ணாகவும் நாவாகவும் அமைந்தவர்கள் இந்நாட்டு அறிஞர்களே. அவர்களுள் தலைசிறந்தவர் ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரய்யா. 1796 ஆம் ஆண்டளவில் மெக்கன்சியிடம் பணியில் சேர்ந்த அவ்விளைஞர் பல மொழிகளில் வல்லவர். எவரிடமும் இனிமையாகப் பழகும் இயல்பினர். ஊர் மக்களின் ஐயத்தைப் போக்கி, அவர்கள் மறைத்து வைத்திருந்த சுவடிகளையும் வெளிக்கொணரும் ஆற்றல் அவரிடம் இருந்தது. மலையூரைச் சேர்ந்த தர்மய்யா என்னும் சமண அறிஞரும் அவருக்குத் துணையானார். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிப்பதில் தர்மய்யா தேர்ந்தவர். சமணத்தைப் பற்றி ஐரோப்பியர் தெளிவாக அறியத் தொடங்கியதற்கு இவர்கள் திரட்டிய செய்திகளும் ஒரு காரணம் ஆயின.

ஊர் மக்களின் ஐயம் காரணமற்றதன்று. புதிய அரசின் ஆள் ஒருவன் ஊருக்குள் வந்து நிலத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் வினவினால், நாளை வரி உயரும் என்று உழவன் அஞ்சுதல் இயல்பே. கோயில் மானியத்திற்குச் சான்றான செப்பேட்டைக் காட்டினால் அது பறிபோகுமோ என்று அர்ச்சகர் கலங்குவர். போர்களால் அலைக்கழிந்த ஊர்களில் இவ்வச்சம் இன்னும் மிகுதி. உதவியாளர்கள் பல நாள் தங்கி, பொறுமையோடு பேசி, நம்பிக்கையைப் பெற்ற பின்னரே ஒரு சுவடியைக் கண்ணால் காண முடிந்தது. சில ஊர்களில் வெறுங்கையோடு திரும்பவும் நேர்ந்தது.

பணியின் நடுவே இடர்கள் அடுக்கடுக்காக வந்தன. காடுகளில் பரவிய நச்சுக் காய்ச்சல் அளவைக் குழுவினரை வாட்டியது. கம்பெனி செலவைக் குறைக்க முற்பட்டமையால் உதவியாளர்களின் எண்ணிக்கை சுருங்கிற்று. கைபீதுகளைத் திரட்டுவதற்கு ஆன செலவில் பெரும்பகுதியை மெக்கன்சி தம் கைப்பொருளிலிருந்தே ஈடுசெய்தார். இவற்றையெல்லாம் விடக் கொடிய இழப்பு 1803 ஆம் ஆண்டில் நேர்ந்தது. போரய்யா தம் இளமையிலேயே இறந்தார். வலக்கை இழந்தவர்போல் வருந்திய மெக்கன்சி பணியைக் கைவிடவில்லை. போரய்யாவின் தம்பி இலட்சுமய்யா அப்பொறுப்பை ஏற்றார். மற்றொரு தம்பியாகிய இராமசாமியும் உடன் உழைத்தார். அவ்விராமசாமியே பின்னாளில், தக்காணப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829 ஆம் ஆண்டு வெளியிட்டவர்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடைபெற்ற மைசூர் அளவைப் பணி 1810 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. ஏறக்குறைய 40,000 சதுரமைல் பரப்பு படத்தில் ஏறியது. படங்களோடு, அந்தந்தப் பகுதியின் ஊர்கள், நீர்நிலைகள், விளைபொருள்கள், மக்கள் நிலை ஆகியவற்றை விளக்கும் நீண்ட குறிப்புகளும் அணியமாயின. அவ்வாண்டிலேயே மெக்கன்சி சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளர் பதவியைப் பெற்றார். அடுத்த ஆண்டு படையுடன் ஜாவாத் தீவிற்குச் சென்று, அங்கும் பழங்கோயில்களையும் சுவடிகளையும் ஆராய்ந்து 1813 ஆம் ஆண்டு திரும்பினார். 1815 ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்த்தப்பெற்றார்.

பதிவு செய்யப்பெறாத பொருள் எவ்வாறு அழிந்துபடும் என்பதை அமராவதி மெக்கன்சிக்கு உணர்த்திற்று. 1790களின் இறுதியில் கிருட்டிணை ஆற்றங்கரையில் அவர் முதன்முறை கண்ட அப்பௌத்தத் தூபி, கட்டடக் கற்களுக்காகத் தோண்டப்பட்டுக் கொண்டிருந்தது. 1816 ஆம் ஆண்டு அவர் மீண்டும் அங்குச் சென்றபொழுது சிற்பக் கற்கள் பல மறைந்து போயிருந்தன. எஞ்சியவற்றை அவர் அளந்து ஓவியங்களாக வரையச் செய்தார். அவற்றுள்ளும் சில கற்கள் பின்னர்க் காணாமற் போயின. அக்கற்களின் எழிலை இன்று அறிவிப்பவை அவ்வோவியங்களே. ஒரு தாளில் இட்ட கோடு, கல்லினும் நெடிது வாழ்ந்த விந்தை இது.

1816 ஆம் ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் மெக்கன்சியின் உருவத்தை வரைந்தார். அவ்வோவியத்தில் மெக்கன்சி தனியே நிற்கவில்லை. இந்நாட்டு உதவியாளர் மூவர் அவருடன் நிற்கின்றனர். பின்னணியில் சமணப் பெருஞ்சிலை ஒன்று தோன்றுகிறது. அதிகாரி ஒருவர் தம் புகழைக் காட்டும் படத்தில் உதவியாளர்க்கும் இடம் அளித்தமை அக்காலத்தில் அரிதாகும்.

1817 ஆம் ஆண்டு மெக்கன்சி கல்கத்தாவிற்குச் சென்றார். தாம் திரட்டியவற்றை வகைப்படுத்தி, விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதி முடிக்க வேண்டும் என்பதே அவருடைய நீங்காத அவா. அலுவற் சுமையும் உடல் நலிவும் அதற்கு இடந்தரவில்லை. 1821 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள் கல்கத்தாவிற்கு அருகே அவர் உயிர் நீத்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் விட்டுச்சென்ற செல்வம் எத்தகையது? 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,159 மொழிபெயர்ப்புகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள் ஆகியன அதனுள் அடங்கும். கம்பெனி அதனை அவர்தம் மனைவியாரிடமிருந்து ஓர் இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. வில்சன் என்னும் அறிஞர் அதன் பட்டியலை 1828 ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று ஒரு பகுதி இலண்டனில் உள்ளது. சுவடிகளின் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பேணப்பட்டு வருகிறது.

இலட்சுமய்யாவின் கதையோ உள்ளத்தை வருத்துவது. தலைவர் மறைந்த பின், எஞ்சிய பணியைத் தாமே தொடர்ந்து நடத்த அவர் முன்வந்தார். கால் நூற்றாண்டு உழைத்த அவருடைய தகுதியை ஆசியக் கழகத்தார் ஏற்கவில்லை. ஓர் இந்தியர் தலைமையேற்று அத்தகைய ஆராய்ச்சியை நடத்த இயலாது எனக் கருதி, 1830களில் அவ்வேண்டுகோளைத் தள்ளிவிட்டனர். சுவடிகளைத் தேடிக் கொணர்ந்தவர் கையிலிருந்தே அவை விலக்கப்பட்டன. மெக்கன்சியைப் போற்றுமிடத்து, போரய்யா, இலட்சுமய்யா, தர்மய்யா முதலியோரையும் ஒப்பப் போற்றுவதே நேர்மையாகும்.

மெக்கன்சி வரைந்த படங்கள் வெறும் அறிவு வேட்கையால் மட்டும் பிறந்தவை அல்ல. படை நடத்தவும் வரி தண்டவும் அவை கம்பெனிக்குப் பயன்பட்டன. கைபீதுகளில் கூறப்பட்ட யாவும் நிகழ்ந்த வரலாறும் அல்ல. புராணமும் குலப்பெருமையும் அவற்றில் விரவிக் கிடக்கின்றன. ஆதலின் படத்தைக் கல்வெட்டோடும், கல்வெட்டை ஊர்க்கதையோடும், ஊர்க்கதையை நிலத்தின் அமைப்போடும் ஒப்பிட்டு நோக்கியே உண்மையைத் துணிதல் வேண்டும். அவ்வாறு நோக்குவார்க்கு, ஆள்வோர் தம் தேவைக்கு வரைந்த படமே மக்கள்தம் வரலாற்றைத் தேடும் விளக்காகவும் மாறும்.

குந்தாரப்பள்ளி வட்டாரமே இதற்குத் தக்க சான்று. அதற்கு அருகே சின்னகொத்தூர் என்னும் சிற்றூர் உள்ளது. படத்தில் அது ஒரு சிறு புள்ளியே. ஆனால் 13 ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர இராமநாதன் தலைநகராகக் கொண்ட குந்தாணி அப்பகுதியே என ஆய்வாளர் கூறுவர். அங்குள்ள நடுகற்களும் கோயிலும் அப்பழமையை நினைவூட்டுகின்றன. இப்பகுதியில் பள்ளி என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகுதி. தமிழில் பள்ளி என்பது சமணர் உறைவிடத்தையும் சிற்றூரையும் குறிக்கும். தெலுங்கில் பல்லி என்பதும் கன்னடத்தில் ஹள்ளி என்பதும் சிற்றூரையே குறிக்கும். மூன்று மொழிகள் கூடி வாழ்ந்த வரலாற்றை ஊர்ப்பெயரின் ஈற்றுச் சொல்லே காத்து நிற்கின்றது.

இந்திய நில அளவைத் துறை பின்னர் நாடு முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டுப் படங்களை வெளியிட்டது. கிருஷ்ணகிரிப் பகுதி 57 எல் என்னும் கட்டத்தில் அமைகிறது. ஓசூர் 57 எச் என்னும் கட்டத்தில் அமைகிறது. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய படங்களில் ஏரியும் கிணறும் கோயிலும் ஒற்றையடிப் பாதையும் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கையிற்கொண்டு தம் ஊரைச் சுற்றி வரும் மாணவன், தூர்ந்த ஏரியின் கரையைக் காணலாம். முட்புதரில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைக் காணலாம். மறைந்த சிற்றூரின் பெயரைத் தன் பாட்டனாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

தொழிற்சாலைக்காக நிலம் சமன் செய்யப்படும்பொழுது ஒரே நாளில் ஓர் ஏரிக்கரை மறையக்கூடும். அதன் பெயரை அறிந்த முதியவரும் ஒருநாள் மறைவார். அந்நாள் வருமுன் கேட்பவனே வரலாற்றைக் காப்பவன் ஆவான். கடல்கடந்து வந்த ஒருவரும், அவரோடு ஊர்ஊராக நடந்த இந்நாட்டு அறிஞர்களும், இரு நூற்றாண்டுகளுக்கு முன் அதனைச் செய்து காட்டினர். தம் ஊரின் கதையைத் தாமே தேடி எழுதும் கடமை, அவ்வூரில் பிறந்த இளைஞர்க்கு இன்னும் மிகுதி அன்றோ!